கடைசிக் கட்டத்தில் தாத்தா

அமெரிக்காவில் பிறக்கும் குழந்தைகளுக்கு என்னென்ன பெயர் வைக்கிறார்கள் என்று அந்நாட்டின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் பட்டியலிடுகிறது. 1880 வரை பின்னோக்கிப் போகலாம். மாநில வாரியாகவும் பார்க்கலாம். அதில் மாயாவும் அர்ஜுனும் ஆரவும் கிடைப்பார்கள். இளங்கோவையும் கயல்விழியையும் தேடுகிறவர் ஏமாந்துபோவார். எடிசன், ஃப்ரீமான்ட் போன்ற அமெரிக்க நகரங்களில் குடியேறிய தமிழர்கள் பெயரில் தமிழைத் தொலைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இதிலிருந்துதான் வலுப்பெறுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பட்டியல் முதல் பெயரை மட்டுமே எண்ணுகிறது. ஒரு மாநிலத்தில் ஓராண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைக்கப்படாத பெயர் அந்த மாநிலத்துக்கான பட்டியலில் இடம்பெறாது. எழுத்துக்கூட்டல் மாறினால் அது வேறு பெயர். யாழினியின் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இடுவோர் உண்டு, ஈழத்தார் வழக்கப்படி ஒன்றே போதும் என்போர் உண்டு. யாவின் நெடிலிலும் இதே குழப்பம். ஒரே பெயர் நாலாகச் சிதறி, நாலும் கணக்கிலிருந்து விழுந்துவிடலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், தமிழ் இன்று கடைசிப் பெயரில் இருக்கிறது என்பது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பட்டம் போன பெயர்களில் தந்தை பெயரின் முன்னெழுத்து மட்டும் நின்றது. அமெரிக்கப் படிவமோ கடைசிப் பெயர் கேட்கிறது. அந்தக் கட்டத்தில் முன்னெழுத்து விரிந்து தந்தை பெயராகிறது. மு. செந்தில் என்பவர் அங்கே போய் செந்தில் முருகேசன் ஆனார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க நகரமான ஃப்ரிஸ்கோவில் பிறக்கும் அவர் மகன் ஆரவ் முருகேசன். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் நம் பழைய வழக்கத்தை, யாரும் திட்டமிடாமலே, ஓர் அரசுப் படிவம் காப்பாற்றித் தருகிறது.

கடைசிப் பெயர் தானாக வந்தது, பெற்றோரின் விருப்பம் முதல் பெயரில்தானே தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த விருப்பம் அமெரிக்கா கற்றுக்கொடுத்ததல்ல; சென்னையிலும் ஆரவ்கள் இருக்கிறார்கள். நாராயணசாமி நெடுஞ்செழியனானதும் ராமையா அன்பழகனானதும் தமிழ்ப் பெயர் சூடிய திராவிட இயக்கத்தின் வேகத்தில். அந்த வேகம் ஊரிலேயே தணிந்தபின் ஃப்ரிஸ்கோவில் மட்டும் அதை எதிர்பார்ப்பது சரியில்லை.

என்னைத் தடுமாற வைப்பது வேறொரு மறுப்பு. இந்த வழியில் ஆண்களின் பெயர் மட்டுமே பயணிக்கிறது. 1964இல் ஓக்லண்டில் பிறந்த கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன். கோபாலன் என்பது சியாமளாவின் அப்பா பெயர். மகள்களின் கடைசிப் பெயராக அது வரவில்லை. கமலா தேவி, மாயா லட்சுமி என முதலிலும் நடுவிலும்தான் தாய்வீட்டுக்கு இடம் கிடைத்தது. ஆரவ் முருகேசனின் அம்மாவுக்கும் ஓர் அப்பா உண்டு, அவருக்கும் ஒரு பெயர் உண்டு. அதற்குக் கடைசிக் கட்டத்தில் இடமில்லை. நடுப்பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. அம்மாவின் அப்பா பெயரையோ, ஏன், அம்மாவின் பெயரையேகூட அங்கே எழுதும் வீடுகள் பெருக வேண்டும் என்று விரும்புகிறேன்.