தாம்பரத்துப் பனிக்காடு

பனி என்பதற்கு நம்மிடம் ஒரே சொல்தான். இமயமலையில் பாளம் பாளமாக உறைந்து கிடப்பதும் பனி; மார்கழி வைகறையில் வாசல் கோலத்தை நனைப்பதும் பனி. முதலாவதைப் பார்க்கக் காஷ்மீருக்குப் போக வேண்டும். இரண்டாவதற்குத் தாம்பரம் போதும். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறதே!

குளிர் ஒன்றும் பிரமாதமில்லை. சுமார் 21 டிகிரி. ஆனாலும் தாம்பரம் வாசிகள் குரங்குக் குல்லாயும் மப்ளருமாக இமயமலைக்கே புறப்பட்டவர்கள் மாதிரிதான் நடக்கிறார்கள். என் தலையிலும் ஒரு குல்லாய் இருந்தது. வீட்டில் அம்மாள் உத்தரவு.

ரயில் பாதைக்குக் கிழக்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் நகரத்துக்குள் சிறு பள்ளியாகப் பிறந்தது. நூறாவது வயதில், 1937-ல், நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. 360 ஏக்கருக்கு மேல் இடம். ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் பாடம் சொன்ன நேரம் போக, பாதையெங்கும் மரம் வளர்ப்பதில் முனைந்தார். மலைகளில் அலைந்து செடிகளையும் ஆராய்ந்தவர். நீலகிரியின் அரிய கொடி ஒன்று செரோபீஜியா பார்னெஸி என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நிழல்சாலை அழகுதான். ஆனால் அனுமதி பெற்று உள்ளே போகிறவர்கள் அதோடு திரும்பிவிடாதீர்கள். யாரும் நடாமல் தானாக வளர்ந்த முட்காடு அப்பால் இருக்கிறது. களா, காரை, சூரை, காசான், வெட்பாலை, இடையிடையே ஈச்சை. "வெறும் புதர்தானே ஸார்!" என்றார் உடன் வந்த நண்பர். புதர்தான். தாம்பரம் தாம்பரமாவதற்கு முன்னால் இந்தச் சீமை முழுவதும் இப்படித்தான் இருந்தது!

இந்தக் காட்டின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை வாங்கிக்கொண்டு மீதி மாதங்களைச் சமாளிக்க வேண்டும். அதனால் இதன் செடிகள் பலவற்றுக்கு இலை சிறியது, தடித்தது. ஈரத்தை லேசில் விடாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து, பெரிய மரங்களை வேரோடு சாய்த்தது. குட்டையாக நெருங்கி நிற்கும் புதர் காற்றுக்கு எளிதில் பிடி கொடுப்பதில்லை.

மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவில் ஈரமான தரை சீக்கிரம் குளிர்கிறது. விடியலில் மூட்டமாகப் பனி. சருகு நனைந்து கிடப்பதால் காலடிச் சத்தமே இல்லை. எங்கோ ரயில் கூவும். சிலந்தி வலையில் நீர் முத்துக்கள். அப்புறம் 'விட்-டியூ' என்று இரண்டு சுரத்தில் ஒரு விசில்!

அதுதான் ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, நீலத் தோள், வயிற்றடியில் சிவப்பு. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. பனிமலைப் பக்கத்து ஆசாமிக்கு நம் மார்கழிப் பனி கதகதப்பாக இருக்கிறது போலும்!

இரவில் பறந்து களைத்துச் சில சமயம் வீட்டு முற்றத்தில் விழுந்து கிடக்கும். அதற்கு வேண்டியது பழமரமோ பூச்செடியோ அல்ல; புதரடியில் மக்கும் சருகு. அலகால் புரட்டிப் புழு பூச்சி தேடும். புறநகர் மனையில் நாம் முதலில் செய்கிற காரியம், புதரை வெட்டிச் சருகைக் கூட்டி நெருப்பு வைப்பது. 'சுத்தம்' என்கிறோம்! கல்லூரிக் காடும் மேடவாக்கம் பக்கத்து நன்மங்கலம் காப்புக்காடும் போன்ற சில இடங்களில்தான் அந்தச் சருகு இன்னும் நிம்மதியாகக் கிடக்கிறது.

எட்டு மணிக்கு வெயில் ஏறியது. பனி கலைந்தது. நண்பர் மட்டும் ஒரு காரைப் புதருக்கு முன்னால் குனிந்தபடி, "சத்தம் போடாதீர்கள் ஸார், இலை அசைகிறது" என்றார்.