கனமும் மரையும்

துபாயின் வானளாவிய மாளிகைகளையும் அகன்ற வீதிகளையும் கண்டு பிரமித்து ஊர் திரும்புகிற நம்மவர்கள், அந்நகரத்து மோட்டார் வாகனங்கள் பழுதுபட்டால் எங்கே போகின்றன, தேய்ந்துபோன அவற்றின் அங்கங்களுக்கு மாற்று அங்கங்களைச் செய்து தருகிறவர்கள் யார் என்ற விசாரணையில் இறங்குவது அபூர்வம். விசாரிக்கத் துணிகிறவர் அல் இத்திஹாத் சாலை வழியே பக்கத்து அமீரகமான ஷார்ஜாவுக்குச் சென்று, அங்குள்ள தொழிற்பேட்டைகளுக்குள் நுழைய வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களையே பெயராகக் கொண்ட அப்பேட்டைகளில், கழற்றிய என்ஜின்களும் கியர் பெட்டிகளும் கதவுகளும் குவிந்து கிடக்கும் பழைய சாமான் கடைகளுக்கு நடுவே, வெல்டிங் பட்டறை, ரேடியேட்டர் பட்டறை, லேத் பட்டறை என ஒன்றையொன்று ஒட்டியபடி தகரக் கூரைகள் வரிசையாக நிற்கின்றன. மலையாளமும் உருதுவும் பஷ்டோவும் வங்காளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் அச்சந்துகளில் ஒன்றிலிருந்த லேத் பட்டறைக்கு நான் போனதன் நோக்கம் மிகச் சிறியது. கியர் ராடின் உச்சியில் ஓட்டுநரின் உள்ளங்கை படிகிற குமிழைக் கனமாகச் செய்து மாட்டிக்கொள்ளும் வழக்கம் ஒன்று வாகனப் பிரியர்களிடையே இருக்கிறதே, அதன் சூட்சுமம் என்ன, அதைச் செய்கிறவர் யார் என்று பார்க்கவே போனேன்.

வளைகுடா நாடுகளில் கையால் கியர் மாற்றும் கார் அருகி வருகிறது. அமீரகத்தின் ஓட்டுநர் உரிமமே ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வேறு, கியர் வண்டிக்கு வேறு என்று பிரித்துத் தரப்படுகிறது. புதிதாகக் கற்கிறவர்களில் பலர் முன்னதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆயினும் இரு சாரார் கியர் ராடை விடவில்லை. ஒரு சாரார், விடுமுறை நாட்களில் மணற்குன்றுகளில் வண்டி ஏற்றுவதையே வினோதமாகக் கொண்ட அமீரக இளைஞர்கள். நிஸ்ஸான் பேட்ரோலின் பழைய வார்ப்பும் டொயோட்டா லேண்ட் குரூஸரின் எழுபதாம் வரிசையும் அவர்களுடைய செல்வங்கள். மற்றொரு சாரார், கம்பெனி வேனையும் பிக்கப்பையும் சிறு லாரியையும் ஓட்டிப் பிழைக்கிற நம் நாட்டுத் தொழிலாளர்கள். வினோதத்துக்கு ஓட்டுகிறவரும் வயிற்றுக்காக ஓட்டுகிறவரும் ஒரே பட்டறை வாசலில் வந்து நிற்பதை நான் அங்கே பிரத்தியட்சமாகக் கண்டேன்.

குமிழின் எடையைப் பற்றி மோட்டார் உலகத்திலேயே ஏகமனதான அபிப்பிராயம் இருந்ததில்லை. போர்ஷே கம்பெனி 1969-இல் வெளியிட்ட 917 என்னும் பந்தயக் காரில், எடையைக் குறைக்கும் வெறியில் கியர் குமிழைக்கூடப் பால்ஸா என்ற நொய்ய மரத்தில் செய்து வைத்தார்கள். அதற்கு நேர்மாறாக ஹோண்டா கம்பெனி, 2020-ஆம் ஆண்டில் தன் சிவிக் டைப் ஆர் காரைத் திருத்தி வெளியிட்டபோது, கியர் விழுவது கைக்கு இன்னும் இதமாக இருக்கும்பொருட்டு 90 கிராம் எடையை வேண்டுமென்றே சேர்த்தது. வண்டியின் எடை முழுவதும் குறைய வேண்டும் என்பது முதல் கட்சி. கையில் உறைக்கும் எடை மட்டும் கூடலாம் என்பது இரண்டாவது. பட்டறையைத் தேடி வருகிறவர்கள் இந்த இரண்டாவது கட்சியின் தீவிரவாதிகள். 90 கிராமில் அவர்களுக்குத் திருப்தியில்லை, அரைக் கிலோ கேட்கிறார்கள்.

பட்டறையின் முதலாளி மலையாளி. லேத்தின் முன் நிற்கும் டர்னர் கோயம்புத்தூர்க்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். நூற்பாலைகளுக்கு உதிரி பாகம் செய்வதில் தொடங்கி, பம்புசெட்டு, மோட்டார், வார்ப்படம் என்று வளர்ந்த அவ்வூரிலிருந்து வந்தவருக்கு இரும்போடு உள்ள பரிச்சயத்தைச் சொல்லவேண்டியதில்லை. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு டர்னர் படிப்பை முடித்து, சிறு பட்டறைகளில் கைபழகி, பிறகு கடல் கடந்தவர். பேச்சில் கொங்கு நாட்டின் மரியாதை குறையவேயில்லை. கனமான குமிழால் என்னதான் பிரயோஜனம் என்று நான் கேட்டதற்கு, சக்கில் மாட்டியிருந்த தண்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“ஊர்ல எங்க அம்மிச்சி நெல்லுக் குத்தறதுக்குப் பூண் போட்ட கனமான உலக்கையைத்தானுங்க சார் எடுக்கும். லேசான உலக்கையில தோளு பலத்தையெல்லாம் போட்டுக் குத்தணும். கனமானதைத் தூக்கி விட்டாப் போதும், மிச்சத்தை அதே பார்த்துக்கும். இதுவும் அப்படித்தானுங்க.”

உவமை பெருமளவுக்குப் பொருந்துகிறது. கியர் மாறும்போது, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு அங்கங்கள் ஒன்றோடொன்று பல் கோத்துக்கொள்ள வேண்டும். 1928-இல் காடிலாக் கம்பெனி தன் கார்களில் முதன்முதலாகப் புகுத்திய ‘சிங்க்ரோமெஷ்’ ஏற்பாட்டின் வழி வந்த இன்றைய கியர் பெட்டிகளில், கூம்பு வடிவமான ஒரு வளையம் உராய்ந்து அவ்வேகங்களைச் சமப்படுத்துகிறது, சமமாகும்வரை வழியை அடைத்து நிற்கிறது, சமமானதும் விலகிக்கொள்கிறது. அந்தத் தடையும் விலகலும்தான் ஓட்டுநரின் கைக்கு ஒரு சிறு முட்டலாகவும் வழுக்கலாகவும் தெரிகின்றன. குமிழ் லேசாக இருந்தால் ஒவ்வொரு முட்டலும் விரலில் உறைக்கும். கனமாக இருந்தால், ஒருமுறை நகரத் தொடங்கிய ராடு தன் சடத்துவத்தினாலேயே தொடர்ந்து நகர்ந்து, முட்டல்களைத் தன்னுள் வாங்கிக்கொண்டு இடத்தில் போய் விழுகிறது. கை தள்ள வேண்டியது தொடக்கத்தில் மட்டுமே. உலக்கையைத் தூக்கும் சிரமமாவது உண்டு. நிமிர்ந்து நிற்கும் கியர் ராடைத் தூக்கவேண்டிய அவசியமே இல்லை.

நான் அங்கிருந்தபோது, வெள்ளைக் கந்தூரா அணிந்த ஓர் அமீரக இளைஞர் தம் பழைய பேட்ரோலைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, இந்தியும் அரபும் கலந்த பேச்சில், “ரஃபீக், நல்ல கனமாக வேண்டும்” என்று டர்னரிடம் கேட்டார். மணலில் ஏறுகிறவருக்கு இது வெறும் அலங்காரம் அல்ல என்பதை அவரே விளக்கினார். டயர்களின் காற்றை வெகுவாகக் குறைத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறும்போது, மணல் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்; கிளட்சை மிதித்து இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகிற அந்தக் கணநேரத்தில் கை தடுமாறினால், சேர்த்துவைத்த வேகமெல்லாம் கரைந்து சக்கரம் புதைந்துவிடும். லிவா பாலைவனத்தில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் தல் மொரீப் என்ற மணற்குன்றில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வண்டிகள் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, அக்கணத்தின் மதிப்பு தெரிந்திருக்கும்.

டர்னர் முதலில் செய்த காரியம் என்னை ஆச்சரியப்படுத்தியது. எவ்வளவு கனம், என்ன வடிவம் என்று கேட்காமல் வண்டிக்குள் ஏறி, பழைய குமிழைச் சுழற்றிக் கழற்றி, ராடின் நுனியிலிருந்த மரையில் மரை கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்து, வெளிச்சம் புகாமல் எது படிகிறது என்று பார்த்தார். நிஸ்ஸானில் வழக்கமாக 10 மில்லிமீட்டர் பருமன், 1.25 மில்லிமீட்டர் மரை இடைவெளி. ஹோண்டாவில் பருமன் அதே 10, இடைவெளி 1.5; டொயோட்டாவில் பருமன் 12, இடைவெளி 1.25. “வழக்கத்தை நம்பக் கூடாதுங்க, முன்னாடி எவனாச்சும் ராடையே மாத்தியிருப்பான்” என்றார். ஹோண்டாவின் குமிழை நிஸ்ஸானில் வைத்தால் முதலிரண்டு சுற்று சாதுவாக ஏறும், பிறகு இறுகும், பொருந்துகிறதென்று எண்ணிக் குறடு போட்டுத் திருகுகிறவர் ராடின் மரையையே நாசமாக்கிவிடுவார். அப்படிப் பாழான ராடுகள் இரண்டு மேஜைக்கு அடியில் கிடந்தன.

வேலையும் மரையிலிருந்தே தொடங்கியது. நாம் எவர்சில்வர் என்று சொல்கிற 304 வகை எஃகுத் தண்டில் ஒரு துண்டை அறுத்துச் சக்கில் பிடித்து, முகத்தைச் சீவி, மையத்தில் 8.8 மில்லிமீட்டர் துளையிட்டு, எண்ணெய் விட்டு, மரை வெட்டும் டேப்பைக் கையாலேயே செலுத்தினார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அந்தப் பின்னடைவில் உள்ளே ‘நறுக்’கென்று பிசிறு முறிகிற சப்தம் கேட்டால்தான் அடுத்த அரைச் சுற்று. எவர்சில்வருக்கு ஒரு துர்க்குணம் உண்டு: கருவி அதை வெட்டாமல் தேய்த்துவிட்டால், தேய்ந்த இடம் முன்னைவிடக் கடினமாகி அடுத்த வெட்டுக்கு இடம் கொடாது. ஆகவே தயக்கமும் கூடாது, அவசரமும் கூடாது. மரை முடிந்ததும், அதே மரை வெட்டிய ஒரு துணைத் தண்டில் துண்டைத் திருகி மாட்டி, அதற்குப் பிறகே உருண்டை கடையும் கருவியை அதன்மேல் ஓட்டினார். வெளி வடிவத்தை முதலில் கடைந்து துளையைப் பின்னால் போட்டால், மயிரிழை கோணினாலும் குமிழ் ராடின்மேல் சாய்ந்து உட்காரும். மரையை ஆதாரமாகக் கொண்டு வடிவத்தைக் கடைந்தால் சாய்வதற்கு வழியே இல்லை. நீண்ட சுருள்களாக வெள்ளிக் கம்பி விழுந்துகொண்டிருக்க, 50 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு கோளம் மெள்ள மெள்ள வெளிப்பட்டது. தராசில் ஏறக்குறைய அரைக் கிலோ நின்றது. இதே கோளம் அலுமினியத்தில் 180 கிராமுக்கும், டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் 90 கிராமுக்கும் மேல் போகாது. கடைசியாக அடியில் ஒரு லாக் நட்டை வைத்து, உச்சியில் செதுக்கிய கியர் வரைபடம் ஓட்டுநரின் பார்வைக்கு நேராக நிற்கும் இடத்தில் இறுக்கிக் கொடுத்தார்.

இவ்வளவு சிரத்தையோடு செய்த பொருளுக்கு அவரே ஓர் எச்சரிக்கையும் சொன்னார். ஆகஸ்ட் மாதத்து வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெற்று எஃகுக் குமிழைத் தொட்டால் கை பொசுங்கும். குளிர் தேசங்களில் செய்து அனுப்பப்படும் பளபளப்பான குமிழ்களை வாங்கி மாட்டிவிட்டு, ஜூன் மாதம் பிறந்ததும் துணி சுற்றிக்கொண்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களாம். எஃகு நடுவிலும் டெல்ரின் மேலுறையுமாகச் செய்தால் சற்றுக் கனம் குறையும், கை தப்பும் என்பது அவர் யோசனை. இளைஞர் சிரித்துக்கொண்டே, குளிர்காலம் முடிந்ததும் வருவதாகச் சொல்லி விடைபெற்றார்.

மாலையில் வந்தவர் இராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர். தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் டொயோட்டா ஹையேஸ் வேனின் ஓட்டுநர். பழைய குமிழ் வெடித்து உள்ளங்கையைக் கீறுகிறதென்று வந்தவர், மேஜையிலிருந்த எஃகுக் கோளம் ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, எனக்கும் இதே மாதிரி கனமா ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே, மணிக்கட்டு வலி குறையும்” என்றார். டர்னர் மறுத்துவிட்டார். ஹையேஸின் கியர் ராடு தரையிலிருந்து நிமிர்ந்து நிற்பதில்லை. முன்பலகையிலிருந்து சாய்ந்து நீள்வது. சாய்ந்த ராடின் நுனியில் அரைக் கிலோ தொங்கினால், நாள் முழுவதும் அந்த எடை ராடைக் கீழ்நோக்கி இழுத்தபடியே இருக்கும். மேல்நோக்கிப் போடும் ஒவ்வொரு கியரிலும் அதை ஓட்டுநரின் மணிக்கட்டுத்தான் தூக்கியாக வேண்டும். “உனக்கு எடை வேண்டாம் தம்பி, பிடி சரியா இருந்தாப் போதும்” என்று சொல்லி, டெல்ரினில் அவர் கையளவுக்குச் சற்றே நீண்ட குமிழ் ஒன்றைக் கடைந்து, 12 மில்லிமீட்டர் மரை போட்டுக் கொடுத்தார். கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய பணத்தை இழந்து அவர் அளித்த அந்த யோசனைக்கு ரசீதில் இடமில்லை.

பட்டறையின் வயிற்றுப்பாடு இக்குமிழ்களால் நடக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பம்புகளின் ஷாஃப்ட், டிரெய்லர்களின் புஷ், முறிந்த போல்ட் என்பவையே அன்றாட வருமானம். கணினியால் ஓடும் இயந்திரங்கள் அயல்நாடுகளில் ஆயிரக்கணக்கில் கடைந்து தள்ளும் குமிழ்கள், எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்ற வாக்குறுதியோடு தபாலில் வந்துவிடுகின்றன. அவற்றில் பொருந்தாதவை மரை மாற்றுவதற்காக இங்கே வந்து சேருகின்றன. அப்போது, “ஒரு துளை போடுவதற்கா இவ்வளவு?” என்று பேரம் நடக்கிறது. வெளியே வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை சட்டப்படி ஓய்வு உண்டு. தகரக் கூரைக்குள் நிற்கும் லேத்துக்கு அந்தச் சட்டம் வருவதில்லை. ஒரு மின்விசிறியும் ஒரு தண்ணீர்ப் புட்டியும் துணையாக அவர் அங்கேயே நிற்கிறார்.

கியர் வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு, அங்கே கண்டதையும் கேட்டதையும் கொண்டு நான் சொல்லக்கூடியது இது. கனமான குமிழால் என்ஜினுக்கு ஒரு குதிரைச் சக்தியும் கூடுவதில்லை. ஆனால் நிமிர்ந்த ராடுள்ள, நல்ல நிலையிலுள்ள கியர் பெட்டியில் கையின் நிதானம் கூடுவது வாஸ்தவம். கியர் விழும்போது கரகரவென்று சப்தம் வருமானால் குமிழைத் தேடாதீர்கள். கிளட்சையும் கியர் ஆயிலையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் தேய்ந்த சிங்க்ரோ வளையத்தின் முட்டலைக் கனம் மறைத்துவிடுமே ஒழிய நீக்காது. ரிவர்ஸுக்காகக் குமிழின் கீழே தூக்கு வளையம் உள்ள வண்டியானால், புதுக் குமிழ் அதற்கு இடம் விடுகிறதா என்று மாட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மரையை ஓர் அனுபவமுள்ள டர்னரிடம் கொண்டுபோய் அளந்து போட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்கும் கூலியில் மட்டும் தயவுசெய்து பேரம் பேச வேண்டாம்.