மறுபடியும் ஸ்கேன்

மார்ச் 3, திங்கள்
லூகால் அயோடின் சொட்டு மருந்தை ஜூஸில் கலந்து மகளுக்குக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள். தைராய்டை முன்கூட்டியே சாதாரண அயோடினால் நிரப்பி வைத்தால்தான் கதிரியக்க அயோடின் அங்கே போய்த் தங்காது. நாளை ஊசி, மறுநாள் ஸ்கேன். இரவில் தொடை வலிக்கிறது என்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 5, புதன்
தொடையெலும்பு, முதுகெலும்பு, இரண்டிலும் புற்றுநோய் இருக்கிறது. நியூரோபிளாஸ்டோமா என்ற இந்தப் புற்றுநோயின் செல்கள் எம்ஐபிஜி மருந்தை நார்அட்ரினலின் என்று ஏமாந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதோடு சேர்த்து அனுப்பும் அயோடின் 131, ஓரிரு மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருப்பதைச் சுட்டுவிடும். போன தடவை அதைக் கொடுத்தும் எப்படித் திரும்பி வந்தது? எல்லாச் செல்லும் ஒரே அளவு இழுப்பதில்லையாம். மிகச் சிறிய கொத்தாக இருந்தால் கதிரின் சக்தி பெரும்பாலும் அதைத் தாண்டி வெளியே போய்விடுமாம். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 6, வியாழன்
அத்தை போனில், "அந்த ரூம்ல புள்ளையைத் தனியா விட்டீங்களே, அதான்" என்கிறார். போன தடவை கதிர் மருந்து கொடுத்தபோது ஈயத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சிறுநீர்க் குழாய் வேறு. கிட்டே போய் நிற்கக் கணக்குப் பார்த்து நிமிஷம் கொடுத்தார்கள். உள்ளே போன கரடி பொம்மை கூட எங்களோடு வெளியே வரவில்லை. அயோடின் 131-இன் அரை ஆயுள் 8 நாள். பாதி பாதியாகக் குறைந்து அடங்கும்வரை அதைப் பூட்டி வைத்தார்கள். கரடிக்காக அழுத அளவுக்கு அவள் ஊசிக்கு அழுததில்லை. இதையெல்லாம் அத்தைக்கு எப்படிச் சொல்ல? "சரி அத்தை" என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்
இன்னொரு தடவை கதிர் மருந்து கொடுக்க முடியாது. தட்டணுக்கள் இன்னும் ஏறவில்லை. எலும்பு மஜ்ஜை தாங்காது. வீட்டிலேயே எடோபோசைடு என்ற புற்றுநோய் மருந்து, வலிக்கு மார்பின் சிரப். குணமாக்க இல்லை, நோயைக் கொஞ்சம் அடக்கிவைக்க. மார்பின் என்றதும் கணவர், "போதை மருந்தா?" என்றார். வலிக்கு அளந்து கொடுத்தால் அடிமையாக மாட்டாள், மலச்சிக்கலைத்தான் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர்.

மார்ச் 13, வியாழன்
விடியும்வரை தூங்கினாள். எழுந்ததும் இடியாப்பம் கேட்டாள், தேங்காய்ப்பாலோடு. வார்டில் பழகிய இன்னொரு அம்மா போனில் மார்பினைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன்: பயப்படாதீங்க. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நேரம். வலி வந்தப்புறம் கொடுக்கலாம்னு காத்திருக்காதீங்க. மலமிளக்கியையும் விட்டுடாதீங்க.