ஒட்டுத் தெரியாத கனவு

2009 கோடையில் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் சர்ரியலிச ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டின் கொலாஜ்கள் காட்சிக்கு வந்தன. 1934இல் ஐந்து தொகுதிகளாக வெளியான 'ஒரு கருணை வாரம்' என்ற பட நாவலின் அசல் தாள்கள் அவை. 1936இல் மாட்ரிட்டில் ஒருமுறை காட்டியதோடு சரி, 2008 வரை பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை. அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர்தான் என்னை அழைத்துப் போனார்.

எர்ன்ஸ்ட் பான் பல்கலைக்கழகத்தில் தத்துவமும் உளவியலும் படித்தவர், ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வில் ஊறியவர். 1933இல் இத்தாலியில் ஒரு கோட்டையில் தங்கி, பழைய தொடர்கதைப் படங்களை வெட்டி ஒட்டி, மூன்றே வாரத்தில் இதைச் செய்து முடித்தார். திங்கட்கிழமை படுக்கையறைக்குள் வெள்ளம் புகுகிறது. புதன்கிழமை பறவைத்தலை மனிதர்கள் கோட்டும் சூட்டுமாக நடமாடுகிறார்கள். அந்தப் பகுதிக்குப் பெயர் ஈடிபஸ். உளப்பகுப்பாய்வு விளக்கங்களில் பாதி எனக்குப் பிடிபடவில்லை.

"ஆழ்மனத்தை அப்புறம் பாருங்க. முதல்ல கோடுகளைப் பாருங்க" என்றார் நண்பர்.

குனிந்து பார்த்தேன். பறவையின் கழுத்து முடிந்து சட்டைக் காலர் தொடங்கும் இடத்தில், இரு வேறு படங்களின் நிழற்கோடுகள் ஒரே கை இழுத்ததுபோல் சேர்ந்திருந்தன. ஒட்டு கண்ணுக்குத் தெரிந்தால் அது வெறும் வேடிக்கைப் படம். தெரியாததால்தான் கனவில்போல, நடப்பதை நம்புகிறோம்.

அந்தக் கோடுகள் எர்ன்ஸ்டுடையவை அல்ல, அவர் வெட்டிய பழைய படங்களை மரத்தில் செதுக்கியவர்களுடையவை. அவற்றை எப்படிச் செதுக்கினார்கள் என்று பார்க்க வேண்டுமென்றேன். நண்பர், தனக்குத் தெரிந்த மரச்செதுக்கர் ஒருவரின் பட்டறைக்குக் கூட்டிப்போனார். பெரியவர் பாக்ஸ் மரக் கட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். மரத்தை நெடுக்காக அறுக்காமல் குறுக்காகத் துண்டுபோட்டு, அந்த முகத்தில் செதுக்குகிறார்கள். இழை தடுக்காது, மயிரிழைக் கோடும் நிற்கும். மணல் அடைத்த தோல் மெத்தையின் மேல் கட்டையை வைத்தார். குமிழ்ப் பிடி உள்ளங்கையில் அடங்க உளியைப் பிடித்துக்கொண்டார். வளைகோடு வரும்போது உளி அசையவில்லை. இடது கை கட்டையைத்தான் திருப்பியது. சுருள் சுருளாக மரச்சீவல் எழுந்தது.

பாக்ஸ் மரம் பருமனாக வளராது. அதனால் அந்தக் காலத்தில் பெரிய படத்துக்குச் சிறு கட்டைகளைத் திருகாணியால் பூட்டிச் சேர்ப்பார்கள். பத்திரிகைக்கு அவசரமென்றால் வரைந்த படத்தைக் கட்டை கட்டையாகக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். இரவெல்லாம் செதுக்கி, காலையில் மறுபடி பூட்டியதும், மூத்த செதுக்கர் இணைப்பு தெரியாமல் கோடுகளைச் சேர்த்துவிடுவார். எர்ன்ஸ்ட் கத்தரிக்கோலை எடுப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஒட்டை மறைக்கும் வித்தையைக் கூலிக்காரர்கள் ராத்திரி வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

கூலி அவர்களுக்கு, பெயர் வேறு யாருக்கோ. படத்தின் மூலையில் பெரும்பாலும் இருப்பது வரைந்தவர் கையெழுத்து, அல்லது பட்டறை முதலாளியின் பெயர். எட்டுப் பேர் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செதுக்கியதை ஒற்றைப் பெயரில் பத்திரிகைக்கு விற்றார்கள். 1880களுக்குப் பிறகு புகைப்படத்தை நேரடியாக அச்சிடும் ஹாஃப்டோன் முறை பரவியது. பத்திரிகைகள் செதுக்கர்களைக் கைவிட்டன. படங்கள் பழைய புத்தகக் கடைக்குப் போயின. அங்கிருந்துதான் எர்ன்ஸ்ட் கைக்கு வந்தன.

எர்ன்ஸ்டின் மேதைமையை நான் குறைக்கவில்லை. எதை எதோடு சேர்ப்பது என்ற அந்தப் பைத்தியக்காரத் துணிச்சல் முழுக்க அவருடையது. ஆனால் 'ஆழ்மனத்தின் நேரடி வெளிப்பாடு' என்று யாராவது எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஆழ்மனம் பேசியது, பெயர் தெரியாத தொழிலாளிகள் செதுக்கி வைத்த கோடுகளில். கொலாஜ் கண்காட்சிக்குப் போனால், வெட்டியவர் யார் என்பதோடு, வெட்டப்பட்டதைச் செய்தவர் யார் என்றும் கேளுங்கள்.