முதுகுப் பக்கம்

"பின்னாடி வேலை வேணாங்க ஸ்தபதி, செவுத்துல சாய்ச்சித்தான் வைக்கப் போறோம். அதுக்குக் கொஞ்சம் கொறச்சிக்குங்க."

சிலைக்குச் சொல்ல வருகிறவர்களில் பலர் இப்படித்தான் பேரத்தைத் தொடங்குவார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. மரத்தின் விலை, கூலி, வண்டி வாடகை எல்லாம் ஏறிக் கிடக்கிறது. நாங்களும் சரியென்று முதுகைத் தட்டையாக இழைத்து, பாலிஷ் போட்டு அனுப்பிவிடுவோம். முன்னால் முருகன், பின்னால் பலகை. இப்போது வந்திருக்கும் கம்ப்யூட்டர் செதுக்கு இயந்திரத்துக்கும் இது வசதிதான். பலகையைப் படுக்கப் போட்டு மேலிருந்து குடையும், அடிப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

மரச்சிற்பம் மதுரைப் பக்கத்திலிருந்து இங்கே வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரத்தில் வேர்விட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2021இல் எங்கள் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஆண்டு பேசியவர்களெல்லாம் 'கலை' என்றார்கள். பட்டறைக்குள் நாங்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை, 'வேலை' என்போம்.

வேலை அளவில் தொடங்குகிறது. முகத்தின் நீளம் ஒரு தாளம், தாளத்துக்கு 12 அங்குலம், அங்குலத்துக்கு 8 யவை. இது ஸ்கேலில் இருக்கிற அங்குலமில்லை, சிலையின் உயரத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாளம், பத்துத் தாளத்துக்கு மேலே 4 அங்குலம், ஆக 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். குழந்தை உருவங்களுக்கும் அதேதான், உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு தலை. சின்னப் பிள்ளைகள் மனிதனை வரையும்போது தலையைப் பூசணிக்காய் போலப் போடுவதைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சாஸ்திரம் சிரிக்கவில்லை, அந்தத் தலைக்கு ஒரு கணக்கே போட்டு வைத்திருக்கிறது.

ஆயுத பூஜையன்று உளி, கொட்டாப்புளி, அரம், வாள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பலகைமேல் அடுக்குவோம். மறுநாள் விஜயதசமிக்குத்தான் மறுபடி கையில் எடுப்பது. போன வருஷம் அந்த அடுக்கின் நடுவில் ஒரு குதிரை நின்றது. இளைய மகள் செய்தது, மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பட்டறையில் நாங்கள் கழித்துப் போட்ட வாகைத் துண்டுகள்தான் உடம்பும் காலும். ஃபெவிகால் போட்டு ஒட்டி, காயும்வரை நூலால் இறுக்கிக் கட்டியிருக்கிறாள், நூல் பதிந்த தடம் தெரிந்தது. வால் தேங்காய் நார். கண்ணுக்குக் குன்றிமணி. பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்கு வைப்போமே, அதே குன்றிமணி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். (குன்றிமணி விஷம். கடித்து மெல்லக்கூடிய வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதை வைக்காதீர்கள்.)

"இந்தாப்பா, உனக்குத்தான்" என்றாள்.

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தொழில்காரன் கை எதையும் திருப்பித்தான் பார்க்கும். வயிற்றுப் பக்கம், நாலு கால்களுக்கு நடுவே, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தாள். அந்த இடுக்கில் தாளை மடித்து விரல் நுனியால்தான் தேய்க்க முடியும். வாகைத் தூள் மூக்கில் ஏறினால் பெரியவர்களுக்கே தும்மல் நிற்காது. வெளியே தெரியும் முதுகைவிட இது நன்றாக வந்திருந்தது.

"இங்க யாரு பாக்கப் போறாங்கன்னு இப்படித் தேச்ச?"

"அது படுக்கிறப்ப சிராய் குத்தாதாப்பா?"

பிறகு அவள் அம்மா சொன்னாள், உடம்பு சேர்வதற்கு முன்பே தலைத்துண்டில் கண்ணை ஒட்டிவிட்டாளாம். நாங்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். கோயில் சிலையென்றால் அதற்கு நாள் பார்த்து, திரை போட்டு, பொன் ஊசியால் கீறுவார்கள். திறந்தபின் உளி படக்கூடாது. அதுவரை மரம், அதற்குமேல் சாமி. இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் கைவினைஞர் நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தபடியே எழுதுவார் என்று கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கண் திறந்த உருவத்தின் முன் வேலை செய்ய அவ்வளவு பயம். என் மகளோ முதலிலேயே கண்ணை வைத்து, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதி வேலையைச் செய்திருக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு வயிற்றில் சிராய் விட்டுவைக்க மனசு வருமா?

மனசால் செய்தால் போதும், கை எதற்கு என்று பேசுகிறவர்கள் பூசலார் கதையை எடுப்பார்கள். திருநின்றவூரில் கையில் காசில்லாதவர் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார், காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை விட்டுச் சிவன் அங்கே போனார் என்று. பெரிய புராணத்தை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். பூசலார் மனசுக்குள்ளும் பொருள் தேடுகிறார், தச்சரைக் கூட்டுகிறார், நாள் பார்க்கிறார், இரவில் கண்ணுறங்காமல் கட்டுகிறார். கோயில் மட்டுமில்லை, கிணறு, மதில், குளம் வரைக்கும் முடிக்கிறார். ஒரு வேலையையும் அவர் தாண்டிப் போகவில்லை. நெஞ்சுக்குள் கட்டியதற்கு மதில் எதற்கு என்று கேட்டிருந்தால் அவர் தொழில் தெரியாதவர் என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.

வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கோயிலுக்குக் குதிரை வாகனம் செய்து கொடுத்தபோது, வாங்க வந்த பெரியவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். தோளில் சுமந்து ஊரைச் சுற்றுகிறவர்கள், எந்தப் பக்கமும் அவர்களுக்கு மறைவில்லை. பேரம் அவரும் பேசினார், ஆனால் எந்தப் பக்கத்தையும் விடச் சொல்லவில்லை.

பின்பக்கம் செதுக்கினால் அதற்குக் கூலி கேட்கத்தான் செய்வேன், வயிறு இருக்கிறது. ஆன்மிகம் என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளை எனக்குக் கூலியில்லாமல் செய்தது வேறு விஷயம், அது தொழிலில்லை, அப்பாவுக்குக் கொடுத்தது. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். ஆனால் செய்யும்போது யாருக்காகச் செய்கிறோமோ அவரை, அல்லது செய்யப்படுகிற அதையே எதிரில் வைத்துக்கொள்வது இரண்டுக்கும் பொது. பழைய சோழர் செப்புத் திருமேனிகளின் பின்னலையும் முதுகுத் தண்டையும் பார்த்தவர்களுக்கு இது புரியும். கோயிலில் இருந்தவரை அபிஷேகம் செய்கிற குருக்களைத் தவிர அந்த முதுகை அநேகமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

குதிரையின் முன்னங்கால் ஒன்று குட்டை. ஆயுத பூஜைக்கு வந்த உறவினர் ஒருவர் அரத்தை எடுக்கப் போனார், கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டுப் பிள்ளை ஏதாவது செய்துகொண்டு வந்தால் நீங்களும் திருத்தாதீர்கள், திருப்பிப் பாருங்கள். கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தால் எந்தப் பட்டறையிலும் கழிவுத் துண்டு கேளுங்கள், கொடுப்பார்கள். தேக்கு, வாகை வேண்டாம், சின்னக் கைக்குக் குமிழ்தான் இணங்கும். உப்புத்தாள் வாங்கும்போது முரட்டுத்தாளோடு நைஸ் தாளும் ஒன்று சேர்த்து வாங்கிக் கொடுங்கள்.