டயர் கம்பெனி கொடுக்கும் நட்சத்திரம்

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையில் செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு, கவரைப்பேட்டை என்று வரிசையாகக் கடந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்துவிடும். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் இரும்பு உருக்கும் ஆலையின் புகை. அதையும் தாண்டினால் ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திராவின் தடா, ஸ்ரீசிட்டி. வெளிநாட்டுப் பொறியாளர்கள் வந்து போகும் வட்டாரம் இது. ஏ.சி. போட்ட, கண்ணாடிக் கதவு வைத்த, வாசலில் சல்யூட் அடிக்கிற ஓட்டல்கள் இங்குள்ளவர்களுக்குப் புதிதல்ல.

பிள்ளைகள் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியதும் அப்பா அம்மாவை 'பெரிய ஓட்டலுக்கு' அழைத்துப் போவார்கள். சாப்பாடு முடியும்வரை எல்லோருக்கும் சந்தோஷம்தான். தோல் அட்டைக்குள் பில் வந்ததும் அப்பாவின் முகம் மாறும். அவர் போடுவது உர மூட்டைக் கணக்கு. ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. பில் ஐயாயிரத்தைத் தாண்டியிருந்தால் பத்தொன்பது மூட்டை!

'இந்தச் சாப்பாடு இந்தக் காசுக்குத் தகுமா?' என்று அவர் கேட்பது அசட்டுக் கேள்வி இல்லை. உலகம் முழுக்க இந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்லியே பெயர் வாங்கிய ஒரு நிறுவனம் உண்டு. அதன் தொழிற்சாலை இதே கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் உள்ள தேர்வாய் கண்டிகையில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தயாராவது டயர்.

அந்த நிறுவனம்தான் பிரான்சின் மிச்செலின். 2009இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஆலை வந்த சிப்காட் வளாகம், தேர்வாய் கண்டிகை மக்கள் காலங்காலமாக ஆடு மாடு மேய்த்த மேய்க்கால் நிலம். ஆயிரம் ஏக்கருக்கு மேல். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போராடினார்கள். 2012இல் பிரான்சு வரைக்கும் புகார் போனது. பன்னாட்டு நிறுவனங்களுக்கான நடத்தை விதிகளைப் பார்த்துக்கொள்ளும் அந்நாட்டு அமைப்பு விசாரித்தது. நிறுவனம் விதியை மீறியதாக அது முடிவு சொல்லவில்லை. ஆலை ஓடுகிறது. பக்கத்தில் இருந்த கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய 500 மில்லியன் கன அடி நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் சென்னைக் குடிநீருக்கு. இந்த ஊர் கொடுத்த விலையை எழுதுவதற்கு எந்த ஓட்டல் பில்லிலும் இடம் கிடையாது.

டயர் கம்பெனிக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்? 1900இல் பிரான்சில் கார் வைத்திருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். கார் ஓடினால்தானே டயர் தேயும்? மிச்செலின் சகோதரர்கள் ஒரு சின்ன சிவப்புப் புத்தகம் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே பஞ்சர் ஒட்டலாம், எங்கே படுக்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று அதில் இருந்தது. 1920 முதல் விலை வைத்தார்கள். ஒரு மெக்கானிக் கடையில் மேஜை ஆடாமல் இருக்க இந்தப் புத்தகத்தை முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் விலை வைத்தார்கள் என்று நிறுவனமே கதை சொல்கிறது. ஓசிப் புத்தகத்துக்கு எந்த ஊரிலும் அதே மரியாதைதான்.

1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1931 முதல் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் வந்தது. அதன் பொருளும் சாலைக்காரர் பாஷையில்தான் இருக்கிறது. போகிற வழியில் இருந்தால் நின்று சாப்பிடு என்பது ஒன்று. கொஞ்சம் சுற்றிப் போனாலும் தகும் என்பது இரண்டு. அதற்காகவே பயணம் கிளம்பலாம் என்பது மூன்று.

ஓட்டல் வாசலில் பித்தளைத் தகட்டில் இருக்கும் ஐந்து நட்சத்திரம் வேறு. அதைக் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகம். அறை, குளியலறை, லிஃப்ட், நீச்சல் குளம், சேவை என்று வசதிகளைப் பார்த்துக் கொடுப்பது அது. அங்கே வைக்கும் ரசம் நன்றாக இருக்கும் என்று அந்தத் தகடு உத்தரவாதம் தரவில்லை. பலரும் ஏமாறும் இடம் இதுதான்.

மிச்செலின் ஆட்கள் மாமூல் வாடிக்கையாளர் மாதிரி வருவார்கள். பெயர் சொல்ல மாட்டார்கள். சாப்பிட்டதற்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். ஓசியில் சாப்பிட்டவன் நாக்கு உண்மை பேசாது என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. பார்ப்பது ஐந்து விஷயம். சமையல் பொருளின் தரம் முதலில். அப்புறம் சமைக்கும் கைத்திறன், சுவைகளின் பொருத்தம், சமையல்காரரின் தனி முத்திரை, இன்று போல் என்றும் அதே தரம் இருக்கிறதா என்பது. நட்சத்திரத்துக்கு நாற்காலியோ விளக்கோ கணக்கில் கிடையாது.

முதல் விஷயத்தைக் கணிக்க விவசாயியை விட்டால் வேறு ஆள் யார்? தாமரைப்பாக்கம் பக்கம் கீரை போடுகிறவருக்குத் தட்டில் இருக்கும் கீரை காலையில் அறுத்ததா, முந்தாநாள் அறுத்து ஐஸில் கிடந்ததா என்று ஒரு வாயில் தெரியும். கத்தரிக்காய் பிஞ்சா முற்றலா என்று விதை சொல்லிவிடும். சோறு குழைந்தால் புது அரிசி, உதிர்ந்தால் பழைய அரிசி. பழவேற்காட்டு ஏரியில் நண்டு பிடிக்கிறவர், சட்டை உரித்த சில நாளில் பிடித்த நண்டு கனமில்லாமல் உள்ளே நீராக இருக்கும் என்று காலைத் தூக்கிப் பார்த்தே சொல்வார். அதே நண்டு வெள்ளைத் தட்டில், எலுமிச்சைத் துண்டோடு, அரை இருட்டில் வரும்போது மட்டும் ஏன் அவர் வாயைத் திறப்பதில்லை? கூச்சம்தான். கரண்டி, முள்கரண்டி எந்தக் கையில் என்ற கவலையிலேயே நாக்கு தன் வேலையை மறந்துவிடுகிறது. கையால் சாப்பிட எந்த ஓட்டலிலும் தடை இல்லை.

இனி காசு. நான்கு பேர் சாப்பிட்டு உணவு விலை 4,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண உணவகமாக இருந்தால் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4,200. ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் வரி 18 சதவீதம். அதற்கு முன்பே 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் போட்டுவிட்டால் 4,400 ஆகும். அதன் மேல் வரி 792. மொத்தம் 5,192. அதே சாப்பாட்டுக்கு 992 ரூபாய் கூடுதல்.

வரியைத் தவிர்க்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்லை. அது வரியும் இல்லை, அரசுக்குப் போவதும் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிடித்திருந்தால் கொடுக்கலாம், இல்லையென்றால் எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பாட்டில் தண்ணீர் விஷயத்தில் மட்டும் ஓட்டல் கை ஓங்கியிருக்கிறது. உள்ளே உட்கார வைத்துப் பரிமாறும் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதாரணக் குடிநீர் கேட்டால் போதும். நண்டு, சிங்கி இறாலுக்கு மெனுவில் விலை போடாமல் 'அன்றைய விலை' என்று இருந்தால், எடையையும் விலையையும் கேட்டுவிட்டுச் சொல்வது நல்லது.

மீதிப் பணம் எங்கே போகிறது? பில்லில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் சமையல் பொருளுக்கு என்பது ஓட்டல் தொழிலின் பொதுவான கணக்கு. பெரிய ஓட்டலில் அது இன்னும் குறையலாம். மற்றது கட்டிடம், கரண்ட், சம்பளம், லாபம். அந்தப் பங்கிலும் மண்டி, கமிஷன், வண்டிக் கூலி போகக் கீரைக்காரர் கைக்கு வருவது எவ்வளவு என்பது கீரைக்காரருக்கே தெரியும்.

விலை கூடினால் ருசி கூடும் என்பதும் இல்லை. 2016இல் சிங்கப்பூரில், உணவுக்கூடம் ஒன்றில் கோழிச் சோறு விற்ற தெருக்கடைக்கு மிச்செலின் ஒரு நட்சத்திரம் கொடுத்தது. ஒரு தட்டு இரண்டு சிங்கப்பூர் டாலர் சுமாருக்குத்தான் விற்றார்கள். 2021இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. 'என்றும் அதே தரம்' என்ற ஐந்தாவது விஷயத்தில் தவறினால் பெயர் போகும்.

டயர் ஆலை இங்கே இருந்தாலும், கையேடு இந்தியாவுக்கு இன்னும் வரவில்லை. சென்னையின் எந்தப் பெரிய ஓட்டலுக்கும் அந்த நட்சத்திரம் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டுச் சமையலுக்குக் கிடைத்திருக்கிறது, நியூயார்க்கில். 'செம்ம' என்று பெயர். 2021இல் திறந்தார்கள். அடுத்த ஆண்டே நட்சத்திரம் வந்தது. தலைமைச் சமையல்காரர் விஜய் குமார் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 2025இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார்.

அந்த உணவகத்தில் பேர்போன உணவுகளில் ஒன்று நத்தை பிரட்டல். சின்ன வயதில் பாட்டியோடு வயலில் பொறுக்கி வந்து சமைத்துச் சாப்பிட்ட அதே நத்தை. அந்த நாளில் அதை வெளியே சொல்லவே பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள். வீட்டில் கறி வாங்கக் காசில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே! இன்று மன்ஹாட்டனில் அந்தத் தட்டுக்கு மேஜை பிடிப்பது லேசில்லை.

பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வயல்களிலும் நடவுக் காலத்தில் நத்தை உண்டு. மருந்தடித்த வயலில் எடுத்ததைச் சமைக்கக் கூடாது. மருந்து படாத வயலாக இருந்தால், மழை விட்ட மறுநாள் விடியலில் வரப்போரம் குனிந்து பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, வேக வைத்து, ஊசியால் கறியைக் குத்தி எடுத்து, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் பிரட்டினால், பில் வராது.