திருவெண்ணெய்நல்லூர் காலுக்கு குல்மார்க் பூட்ஸ்!

விழுப்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் எங்க ஊர் வந்துவிடும். 'ட்ரெயினில்தான் வருவேன்' என்று அடம் பிடித்தால் 'திருவெண்ணெய்நல்லூர் ரோடு' என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. பெயரில் இருக்கிற அந்த 'ரோடு'தான் வில்லங்கம். இறங்கிய பிறகு ஊருக்கு இன்னும் ரோடு பாக்கி இருக்கும். மார்கழிப் பனிக்கே காதில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு டீக்கடைக்கு வருகிற ஊர் இது. இங்கே எங்கள் வீட்டுப் பரணில், கடலை மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு ஜோடி பனிச்சறுக்கு பூட்ஸ் கிடக்கிறது. நீங்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

முதலில் ஊர் பெருமை கொஞ்சம். எங்கள் ஊர் கோயிலில் ஒரு ஜோடி காலணியைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம் நடக்கும்போது, ஒரு கிழவர் ஓலையை நீட்டி, 'இவன் எனக்கு அடிமை' என்று நிறுத்தினாரே, அந்த வழக்கு நடந்த ஊர் இதுதான். வழக்கில் ஜெயித்த கிழவரிடம் 'உம்ம வீடு எங்கே?' என்று கேட்க, அவர் நேராகக் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார். வந்தவர் சிவபெருமான். அவர் போட்டுக்கொண்டு வந்த பாதுகை என்று இன்றைக்கும் காட்டுகிறார்கள். சின்ன வயதில் ஆயா என்னைக் கூட்டிப்போய்க் காட்டும்போதெல்லாம் எனக்கு ஒரே சந்தேகம்தான் வரும்: சாமிக்கு என்ன சைஸ்?

அந்தக் கேள்வியை என் காலுக்குக் கேட்டிருந்தால் அம்மாவின் சீட்டுப் பணத்தில் 4,500 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

போன ஜனவரியில் காலேஜ் ப்ரெண்ட்ஸ் நாலு பேர் குல்மார்க் கிளம்பினோம். விழுப்புரத்தில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் பிடித்து நிஜாமுதீன், அங்கிருந்து ஜம்மு பக்கம், பிறகு 2025 ஜூனில் ஓட ஆரம்பித்த கத்ரா - ஸ்ரீநகர் ட்ரெயின். டெல்லியில் இறங்கிய அன்று ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் நீலக் கலர் பூட்ஸ் ஒன்று கண்ணில் பட்டது. போட்டுப் பார்த்தேன். விரல் எங்கும் இடிக்கவில்லை, மெத்தை மாதிரி இருந்தது. 'வாடகைக்குக் கொடுக்கிற காசை இதில் போட்டால் வாழ்நாள் முழுக்க நம்முடையது' என்று இன்ஜினீயரிங் மூளை கணக்குப் போட்டது. இத்தனைக்கும் அதுவரை நான் பனியைப் பார்த்தது ஃப்ரீசருக்குள் மட்டும்தான்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொண்டோலா என்கிற கேபிள் கார் இரண்டு கட்டமாக ஏறி, 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடும். நமக்கு அதெல்லாம் இல்லை. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கிற மேடுதான் பழகுகிறவர்களுக்கு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து தனி ஆளாகப் போன ஆரிஃப் கான் இந்தப் பக்கத்துக்காரர். அதே பனியில் நான் இடது பக்கம் திரும்ப நினைத்தால் கால் திரும்புகிறது, பூட்ஸ் யோசிக்கிறது, சறுக்குப் பலகை நேராகப் போகிறது. மத்தியானத்துக்குள் கால் உள்ளேயே முன்னும் பின்னும் வழுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஆடாமலிருக்க பக்கிளை இறுக்கினேன். ரத்த ஓட்டம் நின்று விரல் மரத்துப்போனது. குளிருகிறதே என்று இரண்டு கம்பளி சாக்ஸ் வேறு போட்டிருந்தேன். நனைந்து, கசங்கி, அது தனிக் கொடுமை.

அடுத்த நாள் நொண்டிக்கொண்டே ஒரு வாடகைக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெரியவர் என் பூட்ஸின் உள்மெத்தையை மொத்தமாக உருவி வெளியே போட்டார். வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொன்னார். விரல் நுனி முன்னால் லேசாகத் தொடும்படி காலைத் தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் தன் விரலை விட்டுப் பார்த்தார். அந்த இடைவெளி ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டருக்குள், அதாவது ஒன்றரை விரல், மிஞ்சினால் இரண்டு விரல் இருக்க வேண்டுமாம். என்னுடையதில் மூன்று விரலை விட்டு ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அரியர் பேப்பர் ரிசல்ட் பார்க்கிற அப்பா மாதிரி!

விஷயம் இதுதான். பனிச்சறுக்கு பூட்ஸுக்கு நம்மூர் ஷூ நம்பர் உதவாது. பிரிட்டிஷ் நம்பர் ஒவ்வொன்றும் ஒரு இஞ்ச்சில் மூன்றில் ஒரு பங்கு. பூட்ஸ் அளவோ நேரடியாகப் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 'மாண்டோபாயின்ட்' என்பார்கள். 26 என்றால் 26 சென்டிமீட்டர் பாதம், அவ்வளவுதான். நான் வாங்கியது 28.5. என் கால் 26! இன்னொரு ரகசியம்: 26-ம் 26.5-ம் பெரும்பாலும் ஒரே ஓடுதான், உள்ளே இருக்கிற மெத்தையோ அடித்தட்டோதான் மாறும். அதனால் 'அரை சைஸ் கூட்டிக் கொடு' என்று பேரம் பேசிப் பிரயோஜனமில்லை.

அவர் எடுத்துக் கொடுத்த 26.5 முதலில் கடித்தது. நேராக நின்றால் விரல் முன்சுவரில் முட்டியது. 'முட்டியை மடக்கி முன்னால் சாய்' என்றார். சாய்ந்ததும் குதிகால் பின்னால் போய் உட்கார்ந்தது, விரல்கள் விடுதலை. சரியான பூட்ஸ் அப்படித்தான் இருக்குமாம். கல்யாண வீட்டில் தாய்மாமன் தோளில் கை போடுகிற மாதிரி, இறுக்கமாகத்தான் இருக்கும், வலிக்கக் கூடாது. கால் மணி நேரம் போட்டுக்கொண்டு நில்லுங்கள். ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினாலோ, விரல் மரத்தாலோ அது உங்கள் பூட்ஸ் இல்லை. முழங்கால் வரை மெல்லிசாக ஒரே ஒரு சாக்ஸ் போதும். கடையில் சொகுசாக இருக்கிற பூட்ஸ்தான் மலையில் எமன். மெத்தை போகப் போக அமுங்கி இன்னும் தொளதொளவென்று ஆகும்.

எனக்குச் சுண்டுவிரல் பக்கம் மட்டும் பிதுங்கியது. அதற்கு ஊருக்கு வந்த பிறகுதான் விளக்கம் கிடைத்தது.

கோயில் பக்கத் தெருமுனையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கிற செருப்பு தைக்கும் அண்ணனிடம் அந்த நீல பூட்ஸைக் கொண்டுபோனேன். 'இத எதாச்சும் பண்ண முடியுமாண்ணா?' உள்ளே கையை விட்டுத் துழாவினார், ஓட்டைத் தட்டினார். 'தோலா இருந்தா கட்டைய வுட்டு வழிக்குக் கொண்டாந்துருவேன் தம்பி. இது இன்னாது, பக்கெட்டு மாரி இருக்குது!' சரியாகத்தான் சொன்னார். ஒருகாலத்தில் இந்த பூட்ஸும் தோலில்தான் செய்தார்கள். 1960-களில் அமெரிக்காவில் பாப் லாங்கே என்பவர் பிளாஸ்டிக்குக்கு மாற்றினார். தோல் காலுக்கு வளைந்து கொடுக்கும். பிளாஸ்டிக்கைச் சூடுபடுத்தி, அதற்கான மிஷினில் வைத்து வெளியே தள்ளினால்தான் உண்டு. அகலம் கொஞ்சம் கூட்ட அது உதவும். இரண்டரை சைஸ் பெரிய ஓட்டைச் சின்னதாக்க எந்த மிஷினும் இல்லை.

பழைய நோட்டுத் தாளைக் கிழித்துப் போட்டு, 'ஏறி நில்லு' என்றார் அண்ணன். பென்சிலால் இரண்டு காலையும் சுற்றி வரைந்தார். இடது 26, வலது 25.7. 'நம்பரு கேட்டு வாங்குனியா, காலக் காட்டி வாங்குனியா? ஒனக்கு முன்னங்காலு அகலம். செருப்புல வளந்த காலு இப்டித்தான் இருக்கும்' என்றார். ஆராய்ச்சியாளர்கள் இதைத் தனியாக அளந்திருக்கிறார்கள். பெல்ஜியம் பல்கலைக்கழகக் குழு ஒன்று தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடக்கிறவர்களை அளந்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் முன்பாதம் ஷூ போடுகிறவர்களுடையதைவிட அகலமாக இருந்தது. அண்ணன் பென்சிலில் கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட அதேதான். பூட்ஸில் இந்த அகலத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 98 என்றால் ஒல்லி, 100 நடுத்தரம், 102-க்கு மேல் நம்ம ஆட்கள்.

'சரிடா, எனக்கும் ஆசை வந்துவிட்டது, கையில் காசு இல்லை' என்கிறீர்களா? முதல் தடவை வாங்கவே வாங்காதீர்கள். புது ஜோடி இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போகும். குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு நிறுவனமும், மணாலியில் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் இருக்கிற மலையேற்ற நிறுவனமும் நடத்துகிற கோர்ஸ்களில் சாமான்களை அவர்களே தருகிறார்கள். வெளியே வாடகைக்கும் கிடைக்கும். நாலு ஜோடி மாற்றிப் போட்டுப் பாருங்கள், எது உட்காருகிறதோ அதன் நீளம், அகலம் இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சீசனும் போவீர்கள் என்று உங்களுக்கே நம்பிக்கை வந்தால், பலகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்குங்கள். 'ஃப்ளெக்ஸ் 130' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது ரேஸ்காரர்களுக்கான விறைப்பு. பழகுகிறவர்களுக்கு 70, 80 போதும், அந்த நம்பரும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

செகண்ட் ஹேண்ட் என்றால் மெத்தையை உருவி ஓட்டை வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக்குக்கும் வயசாகும். பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தது பனியில் திடீரென்று பிளக்கலாம். அடிப்பாகத்தின் முன்னும் பின்னும் தேய்ந்திருந்தால் வேண்டவே வேண்டாம். விழும்போது பலகை காலை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டும், அந்தப் பூட்டு பிடிக்கிற இடமே அதுதான். கழலாவிட்டால் போவது முழங்கால். பூட்ஸில் அடிநீளம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். பூட்ஸ் மாறினால் அதைக் காட்டிப் பூட்டைத் திருப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

வரைந்து கொடுத்ததற்கு அண்ணன் காசு வாங்கவில்லை. 'பத்து ரூவா செருப்புக்கே ரெண்டு தடவ போட்டுப் பாப்பாங்க, நீ இன்னா படிக்கிற?' என்று மட்டும் கேட்டார். 'மெக்கானிக்கல்ண்ணா' என்றேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சீட்டுப் பணம் பாதி அடைத்துவிட்டேன், மீதி டியூஷன் எடுத்து அடைந்துகொண்டிருக்கிறது. பூட்ஸை ஒருத்தர் கேட்டார், கால் 28 சென்டிமீட்டர் என்றார். தாளில் வரைந்து போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.